நல்ல மனம் மட்டும் போதுமா?

பட்டம் பெற்று, பணியில் அமர்ந்து, குடும்பமும் அமைத்துக்கொண்ட பின்னர், "உளவியல் படித்து மனநோயுற்றோருக்குப் பணிசெய்ய விரும்புகிறேன், இந்த வயதில் இயலுமா?" என்று கேட்போர் இன்று நம் பங்குகளில் பெருகி வருகின்றனர். அவர்களுள் பள்ளி ஆசிரியைகள் உண்டு. வங்கி அலுவலர் உண்டு. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியோர் உண்டு. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, "இனிப் பிறருக்குப் பயன்படும் ஒரு பணியைத் தேடிக்கொள்வேன்" என்று எண்ணும் தாய்மாரும் உண்டு.

இவர்களுக்கு நாம் கூறும் விடை என்ன? "இந்த வயதில் இது எதற்கு?" என்று வாயை அடைப்பது முறையன்று. "உங்களுக்குத்தான் இரக்கமுள்ள மனம் இருக்கிறதே, உடனே தொடங்குங்கள்" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதும் முறையன்று. முன்னது ஒரு நல்ல விருப்பத்தைக் கிள்ளி எறிகிறது. பின்னதோ, அவரை நம்பி நாளை வந்து அமரப்போகும் நோயாளியை மறந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அது நெடுவழி, செலவும் பொறுமையும் கேட்கும் வழி. அவ்வழியைக் குறித்தே இக்கட்டுரையில் சிந்திக்கிறோம்.

இரக்கம் இருந்தது, அறிவு இல்லை

இராமநாதபுரம் கடற்கரையில் வாழும் நமக்கு இவ்வினாவை எண்ணிப்பார்க்கத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை, ஏர்வாடி இருக்கிறது. அங்குள்ள சுல்தான் சையிது இப்ராகிம் ஷஹீது பாதுஷா நாயகத்தின் தர்காவுக்கு, இசுலாமியர் மட்டுமன்றி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தம் வீட்டு மனநோயாளரை அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். நோயாளியின் கனவில் விடை கிடைக்கும்வரை காத்திருப்போம் என்ற நம்பிக்கையில் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் தங்கியவர்கள் உண்டு. உடன் தங்க இயலாத குடும்பங்கள், தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் காப்பகங்களில் பணம் கட்டி நோயாளரை விட்டுச் சென்றன.

2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள், நம் திருச்சபை ஆண்டவரின் உருமாற்ற விழாவைக் கொண்டாடும் நாளின் விடியற்காலையில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓடித் தப்ப வழியில்லை. 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள், ஆகஸ்டு 13 ஆம் நாள், அங்கிருந்த இத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்பில் ஏற்கப்பட்டனர். நீதிபதி இராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 2007 இல் காப்பக உரிமையாளரும் அவர்தம் குடும்பத்தினர் மூவரும் சிறைத்தண்டனை பெற்றனர்.

இந்நிகழ்ச்சியை நினைவுகூரும்போது ஒன்றை மறக்கலாகாது. தம் மகனையோ உடன்பிறந்தாளையோ அங்கே அழைத்துவந்தவர்கள் கல்நெஞ்சர் அல்லர். இருந்த நிலத்தை ஒற்றி வைத்து, நகையை விற்று, பேருந்து மாறி மாறி வந்தவர்கள் பலர். இரக்கம் இருந்தது. ஆனால், இந்நோய் என்ன, இதற்கு எவரிடம் போவது, எவ்வளவு காலம் ஆகும், வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று எடுத்துச் சொல்லும் ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மனநோய் வேறு, வலிப்பு வேறு, அறிவு வளர்ச்சிக் குறை வேறு. மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. சங்கிலிக்கு இந்த வேறுபாடு தெரியாது. வேறுபாடு அறிந்தவர் அருகில் இல்லாதபோது சங்கிலி ஒன்றே மருந்தாகிவிடுகிறது.

இது ஏர்வாடிக்கு மட்டும் உரிய குறை என எண்ணிவிடலாகாது. நம் புனித அந்தோனியார் திருத்தலங்கள் சிலவற்றிலும் மனநோயுற்றோரை அழைத்து வந்து தங்கவைக்கும் வழக்கம் உண்டு. நம்பிக்கை குறையன்று; நம்பிக்கையோடு மருத்துவமும் சேராமற்போவதே குறை. நாட்டுச் சட்டம்கூட அன்று இல்லாமல் இல்லை. 1987 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உரிமம் இன்றிக் காப்பகம் நடத்தலாகாது என்று அப்போதே கூறியிருந்தது. சட்டப் புத்தகத்தில் எழுத்து இருந்தது. அதைச் செயலாக்கப் பயிற்சி பெற்ற மனிதர் இல்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று தெளிவாகத் தடை செய்கிறது. தர்கா வளாகத்திலேயே தொழுகையோடு மருந்தும் கிடைக்குமாறு, 'தவா-துவா' என்னும் ஏற்பாடும் ஏர்வாடியில் செய்யப்பட்டது. 'தவா' என்றால் மருந்து; 'துவா' என்றால் மன்றாட்டு. ஆயினும் பணியாளர் பற்றாக்குறை தீர்ந்தபாடில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16 இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 பேர் முதல் 92 பேர் வரை எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்றும் அவ்வாய்வு கூறுகிறது. பணி மாறி வர விரும்பும் ஒவ்வொருவரும் தேவைப்படுகிறவரே என்பதில் ஐயமில்லை. எப்படி வருகிறார் என்பதே வினா.

யார் எவர்? முதலில் தெளிவு வேண்டும்

'சைக்காலஜி டாக்டர்' என்று நம் மக்கள் பொதுவாகச் சொல்லும் ஒரே சொல்லுக்குள் நால்வர் அடங்கியிருக்கின்றனர்.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன்மேல் மனநோய் மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித்தரும் உரிமை அவருக்கே உரியது. மருத்துவ உளவியலர் என்பவர் மருத்துவர் அல்லர், மருந்து தரமாட்டார். நோயாளியின் அறிவுத்திறன், நினைவாற்றல், மனநிலை ஆகியவற்றை உரிய சோதனைகளால் அளந்தறிந்து, உரையாடல் வழியாகவும் பழக்கமாற்றப் பயிற்சி வழியாகவும் சிகிச்சை அளிப்பவர். மனநலச் சமூகப் பணியாளர், நோயாளியின் குடும்பத்தையும் ஊரையும் தொழிலையும் கருத்திற்கொண்டு அவரது மறுவாழ்வுக்கு வழிசெய்பவர். ஆற்றுப்படுத்துநர், தேர்வு அச்சம், மணவாழ்வுப் பிணக்கு, மதுப்பழக்கம், இழவுத்துயர் போன்றவற்றால் வருந்துவோரைச் செவிமடுத்துத் துணைநிற்பவர்.

ஐந்தாவதாக ஒருவரையும் நம் மக்கள் இவ்வரிசையில் சேர்த்துவிடுவர்: பங்குக்குரு! குருக்களாகிய நாம் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்கிறோம். அவற்றோடு சிறிதளவு உளவியலும் கற்கிறோம். அது மேய்ப்புப்பணிக்குத் துணையாகுமேயன்றி, ஒருவருக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோயா, மனச்சோர்வு நோயா என்று கண்டறிய உதவாது. பாவசங்கீர்த்தனத் தொட்டி வேறு, சிகிச்சை அறை வேறு. தன் பாவத்தை மனம்வருந்திச் சொல்கிறவருக்கு மன்னிப்பு வேண்டும். நோயினால் பொய்யான குற்ற உணர்வில் துடிக்கிறவருக்கு மருத்துவம் வேண்டும். முன்னவருக்குச் செய்வதைப் பின்னவருக்கும் செய்துகொண்டிருந்தால் நோய் முற்றுமேயன்றித் தணியாது.

குருக்களுள்ளும் இத்துறையில் இறங்க விரும்பியோர் மீண்டும் மாணவராகியே இறங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. இயேசு சபைத் தந்தை அந்தோனி டி மெல்லோ, 1970களின் தொடக்கத்தில் பூனாவில் சாதனா நிறுவனத்தைத் தொடங்கி, குருக்களுக்கும் துறவியருக்கும் ஆற்றுப்படுத்தும் கலையில் பயிற்சி அளித்தார். அதற்கு முன்னரே அவர் அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள லொயோலா பல்கலைக்கழகத்துக்குச் சென்று அக்கலையைப் பயின்றிருந்தார்.

பாதை எத்தனை தூரம்?

வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர் உளவியலுக்கு மாறுவதற்கென்றே சில நாடுகளில் தனிப் படிப்பு உண்டு. நம் உறவினர் பலர் குடியேறியுள்ள இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே கணக்கோ வரலாறோ படித்த ஒருவர், பிரித்தானிய உளவியல் கழகம் ஏற்பளித்த 'மாற்றுப் பட்டப்படிப்பு' ஒன்றில் சேரலாம். முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு. பகுதிநேரமாகப் படித்தால் இரண்டாண்டு அல்லது அதற்கு மேல். உளவியல் பட்டதாரி ஒருவர் மூன்றாண்டில் கற்கும் அடிப்படைகளை இவர் சுருக்கமாகக் கற்றுத் தேர்கிறார்.

ஆனால் பலரும் கவனியாது விடுவது ஒன்றுண்டு. இப்படிப்பு முடித்தவர் உளவியலர் ஆகிவிடுவதில்லை. உளவியலர் ஆவதற்கான பயிற்சியில் சேர விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே பெறுகிறார். மருத்துவ உளவியலராக வேண்டுமெனில், அதன்பின் போட்டியிட்டு இடம்பெற்று, மூன்றாண்டு முனைவர் பயிற்சியை மருத்துவமனைகளில் முடிக்க வேண்டும். அதன் பிறகே அரசு அமைத்த மன்றத்தில் பெயர் பதியலாம். 2009 முதல் இப்பதிவு இல்லாதவர் அங்கே மருத்துவ உளவியலர் என்று பெயர்ப்பலகை மாட்டுவது குற்றம். 'மாற்றுப் படிப்பு' என்பது வீட்டின் வாசற்படி, வீடு அன்று. இதை நம் மக்கள், குறிப்பாகப் பிள்ளைகளைக் கடல் கடந்து படிக்க அனுப்பும் பெற்றோர், நன்கு உணரவேண்டும்.

நம் நாட்டில் இத்துறை நேற்று முளைத்ததன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943 இலேயே ஜி.டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை தொடங்கப்பட்டது. பெங்களூரில் 1954 இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமே பின்னர் நிம்ஹான்ஸ் ஆயிற்று. அங்கே 1955 முதல் மருத்துவ உளவியலர் பயிற்சி பெற்று வருகின்றனர். ஆயினும் 'மாற்றுப் படிப்பு' என்ற பெயரில் தனியொரு படிப்பு நம்மிடம் இல்லை. அதன் வேலையை முதுகலைப் பட்டமே செய்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரையும் உளவியல் முதுகலையில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் சில உண்டு. இளநிலையிலும் உளவியலே படித்திருக்க வேண்டும் என்பவையும் உண்டு. விண்ணப்பிக்குமுன் இதைக் கேட்டறிய வேண்டும்.

முதுகலைக்கு இரண்டாண்டு. அதை முடித்தவர் பள்ளி, கல்லூரி, மதுமீட்பு மையம், தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் பணியாற்றலாம். ஆனால் மருத்துவ உளவியலர் ஆக, 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்பு பெற்ற பயிற்சியை முடித்து, அம்மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. நெடுங்காலமாக இப்பயிற்சி எம்.ஃபில். என்ற பெயரில், முதுகலைக்கு மேல் இரண்டாண்டு முழுநேரப் படிப்பாக இருந்து வந்தது. 2022 இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டங்களை நிறுத்தியபோது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் விலக்களித்து, 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கை நடத்தலாம் என்று 2024 இல் அறிவித்தது. அதன் இடத்தை நிரப்ப, மறுவாழ்வு மன்றம் மருத்துவ உளவியலில் நான்காண்டு இளநிலைப் பட்டத்தையும், இரண்டாண்டு முதுகலைப் பட்டத்தையும் வகுத்துள்ளது. ஆகவே, ஐந்தாண்டுக்கு முன் படித்த ஒருவர் தம் அனுபவத்தைக்கொண்டு தரும் அறிவுரை இன்று பொருந்தாமற்போகலாம்.

மூடப்பட்ட ஒரு வாயில்

பணியில் இருந்துகொண்டே படிக்க விரும்பியோருக்கு நேற்றுவரை ஒரு வாயில் திறந்திருந்தது. அது அஞ்சல்வழிக் கல்வி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை, எந்தப் பட்டதாரியும் வீட்டிலிருந்தே உளவியல் முதுகலை படிக்க வழிசெய்திருந்தன. அவ்வழியே வந்தோர் பலர். 2025 சூலை-ஆகஸ்டு பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட நலத்துறைப் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தடுத்துவிட்டது. உளவியலரையும் ஆற்றுப்படுத்துநரையும் நலத்துறைத் தொழிலராகக் கருதி முறைப்படுத்தும் 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சியே இத்தடை.

இதனால் நம் கடற்கரை மக்களுக்கு நேரும் இடர் சிறிதன்று. தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ வாழும் ஓர் ஆசிரியை, வீட்டையும் வேலையையும் விட்டு மதுரைக்கோ சென்னைக்கோ சென்று தங்கிப் படித்தாலன்றி இத்துறையில் நுழைய இயலாது. பணமும் துணையும் உள்ளவர் போவார், இல்லாதவர் நிற்பார். நகரத்து மக்களுக்கு உளவியலர் கிடைப்பர், ஏர்வாடிக்குக் கிடைக்கமாட்டார். இது நியாயமான கவலையே.

எனினும் தடையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடலுக்குப் புதிதாய்ப் போகும் இளைஞன், காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. பழுத்த அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று, தவறும்போது திருத்தப்பட்டு, மெல்ல மெல்லக் கற்கிறான். மனநோயாளியின் முன் அமர்வதும் அப்படிப்பட்டதே. தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் எதைக் கேட்பது, எப்போது பேசாதிருப்பது, எந்த அறிகுறியைக் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புவது என்பன மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில், உயிருள்ள மனிதரோடு பழகியே கற்கவேண்டியவை. தாளில் எழுதித் தேறுபவருக்கு இது வாய்ப்பதில்லை. வாயிலை மூடியதற்கு இக்காரணம் போதும். ஆனால், மூடியவர்கள் தென்கோடி மாவட்டங்களில் நேர்வழிப் படிப்பையும் உதவித்தொகையையும் பெருக்கித் தரக் கடமைப்பட்டவர்கள். இராமநாதபுரத்தில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. உளவியலருக்கான பயிற்சியும் இம்மாவட்டத்துக்கு வரவேண்டும் என்று குரல் எழுப்புவது நம் எல்லாருடைய பொறுப்பு. நம் கத்தோலிக்கக் கல்லூரிகளும் இதைச் சிந்தித்தல் நலம்.

கொண்டு வருவதும் விட்டு வருவதும்

நாற்பது வயதில் வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை. ஆசிரியை, பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அவன் வீட்டில் நடந்ததை அறிபவர். செவிலி, இரவு முழுதும் விழித்திருந்து பழகியவர். கடனையும் பிணியையும் இழவையும் கண்டவருக்கு, எதிரே அமர்ந்து அழுபவரின் துயரம் பாடநூலின் ஒரு பக்கமாகத் தோன்றாது. இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிக்கு இல்லாத செல்வம் இது.

ஆயினும் விட்டு வரவேண்டியவையும் உண்டு. ஆசிரியருக்கு அறிவுரை சொல்லாமல் இருப்பது கடினம். அதிகாரியாய் இருந்தவருக்கு ஆணையிடாமல் இருப்பது கடினம். பக்தியுள்ளவருக்கு, "செபம் செய், சரியாகிவிடும்" என்று சொல்லாமல் இருப்பது கடினம். மனச்சோர்வு நோயில் உழல்பவரிடம், "உனக்கு என்ன குறை? கடவுள் உனக்கு எல்லாம் கொடுத்திருக்கிறாரே" என்று கூறுவது, கால் முறிந்தவனை எழுந்து நட என்பதற்கு ஒப்பாகும். பேசக் கற்றவர் பேசாதிருக்கக் கற்பதே இப்பயிற்சியின் பாதி. வயதில் இளைய ஆசிரியர் திருத்தும்போது ஏற்றுக்கொள்ளும் தாழ்ச்சியே மறுபாதி எனலாம்.

குடும்பமாக அமர்ந்து கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதிப் பார்ப்போம். கணிதத்தில் பட்டம் பெற்ற 38 வயது ஆசிரியை ஒருவர், மருத்துவ உளவியலராக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதுகலைக்கு இரண்டாண்டு, மருத்துவமனைப் பயிற்சிக்கு மேலும் இரண்டாண்டு, இடம் கிடைக்கக் காத்திருக்கும் காலம் தனி. தேர்ந்து வரும்போது அவருக்கு 43 வயதாயினும் ஆகிவிடும். அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றலாம்; அது வீணான முயற்சியன்று. ஆனால் அந்த நான்கைந்து ஆண்டுகள் வீட்டுக்குச் சம்பளம் வாராது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், முதிய பெற்றோரின் மருந்து, விடுதிச் செலவு ஆகியவற்றைக் கணவரும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கவேண்டும். ஒருவர் படிக்க, மற்றவர் முணுமுணுக்கும் வீட்டில் படிப்பும் நில்லாது, அமைதியும் நில்லாது.

சேருமுன் கல்லூரியிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. இப்படிப்பு நேர்வழிப் படிப்புத்தானா? மருத்துவ உளவியல் என்றால், மறுவாழ்வு மன்றத்தின் ஏற்பு இவ்வாண்டுக்கு உண்டா? எத்தனை இடங்களுக்கு? நோயாளரோடு பழகும் பயிற்சி எந்த மருத்துவமனையில், யார் கண்காணிப்பில் நடைபெறும்? தேர்ந்தவர் எப்பெயரில் தொழில் செய்ய உரிமை பெறுவார்? இவற்றுக்கு எழுத்தில் விடை தராத நிறுவனத்தில் பணம் கட்டவேண்டாம். மூன்று மாதச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டு, 'உளவியல் நிபுணர்' என்று விளம்பரம் செய்வோர் இன்று ஊருக்கு ஊர் உள்ளனர். குறுகிய காலப் பயிற்சி தீதன்று. ஆசிரியருக்கும் செவிலியருக்கும் பங்குப் பணியாளருக்கும் அது கண் திறக்கும். அதையே பட்டமாகக் காட்டி நோயாளியிடம் கட்டணம் வாங்குவதுதான் தீது.

இன்னொன்றும் கூறுவோம். வேலையை விடுமுன் ஓராண்டு தொண்டராய் இருந்து பாருங்கள். மனநோயாளர் இல்லம் ஒன்றில் வாரந்தோறும் அரைநாள் செலவிடுங்கள். 1986 இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பயிற்சி அளித்த தொண்டர்களைக் கொண்டே துயருற்றோரைச் செவிமடுத்து வருகிறது. இத்தகைய பணியில் ஓராண்டு நிலைத்தவருக்கு, தம் விருப்பம் வைரம் பாய்ந்ததா, வெறும் நுரையா என்பது விளங்கிவிடும்.

பட்டம் பெற இயலாதோர்

கணக்கிட்டுப் பார்த்து, "எம்மால் இயலாது" என்று முடிவுக்கு வருவோரே மிகுதியாய் இருப்பர். அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984 இல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமான 'ஸ்கார்ஃப்' பங்குகொண்ட ஓர் ஆய்வு, 2014 இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. தமிழ்நாடு, கோவா, மகாராட்டிரம் ஆகிய மூன்று மாநிலங்களில் மனச்சிதைவு நோயுற்ற 282 பேர் அதில் இடம்பெற்றனர். மருத்துவரின் சிகிச்சையோடு, உள்ளூரில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்த சாதாரணப் பணியாளர் வீடு தேடிச் சென்று துணைநின்றவர்களுக்கு, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஓரளவு கூடுதல் நலம் விளைந்தது.

அப்பணியாளர் செய்தது என்ன? மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்ள உதவினர். நோயின் தன்மையைக் குடும்பத்துக்கு விளக்கினர். குளித்தல், உடுத்தல், சிறு வேலை செய்தல் ஆகியவற்றை மீண்டும் பழக்கினர். அரசு உதவி பெற வழிகாட்டினர். இவற்றுக்கு முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை. பயிற்சி வேண்டும், மேற்பார்வை வேண்டும், தம் எல்லையை அறிந்த அடக்கம் வேண்டும். நம் அன்பியங்களிலும் மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் வீடு வீடாய்ச் சென்று பழகியவர் இருக்கின்றனர். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழுவோடு இணைந்து இவர்களுள் சிலர் பயிற்சி பெற்றால், ஒரு பங்கில் மூன்று நோயாளிகளாவது மருந்தை நிறுத்தாமல் தொடர்வர். மூன்று குடும்பங்களாவது நோயாளியை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குத் திரும்பும் வழி

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளுக்கிடையே வாழ்ந்த ஒரு மனிதரைக் காண்கிறோம். அவரையும் ஊரார் சங்கிலியால் கட்டியே பார்த்தனர், பயனில்லை. ஆண்டவர் அவரைக் குணமாக்கியபின் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. வீட்டாரிடம் திருப்பி அனுப்பினார். மனநலப் பணியின் முடிவும் அதுவே. நோயாளி நம்மிடமே இருப்பது வெற்றியன்று. தெளிந்த மனத்தோடு தம் வீட்டு வாசலில் போய் நிற்பதே வெற்றி.

அதற்குத் துணைசெய்ய முன்வருவோர் எத்தனை வயதினராயினும் வரவேற்கப்பட வேண்டியவர்களே. அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான்: இரக்கம் உங்களை வாசல்வரை அழைத்துவரட்டும்; உள்ளே நுழையுமுன் கற்றுக்கொள்ளுங்கள். முழுப் பாதையும் நடக்க இயன்றவர் நடக்கட்டும். இயலாதவர் நடப்பவருக்குத் தோள் கொடுக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் மனநோயால் துன்புற்றால், எவரும் படித்து முடித்து வரும்வரை காத்திராதீர்கள். 2022 அக்டோபர் 10 ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416 கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவமனை உண்டு. மன்றாட்டும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். சங்கிலி மட்டும் எந்த வீட்டிலும் வேண்டாம்.